குடியானவரும் புது விதையும்

“நம் குடியானவர்கள் புது விதை என்றாலே அஞ்சுவார்கள்” என்று பட்டணவாசிகள் சொல்வதுண்டு. நீலகிரி உருளைக்கிழங்கின் கதையை அறிந்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

1961-ல் அம்மலையில் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடிருக்கும். 1968-ல் வந்த ‘குப்ரி ஜோதி’ இலைக்கருகலைத் தாங்கியது, புழுவைத் தாங்கவில்லை. புழுவையும் எதிர்க்கும் ‘குப்ரி ஸ்வர்ணா’ 1985-ல் வெளிவந்தது. ஆயினும் குடியானவர்கள் ஜோதியை உடனே கைவிட்டுவிடவில்லை.

காரணத்தை ஒரு சிறு கணக்கே விளக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கிடையே எஞ்சிய வயலில் புது நெல்லைச் சோதிக்க விரும்புவோருக்கு ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ விதை போதும். உருளைக்கோ கிழங்கே விதை. ஏக்கருக்கு ஏறக்குறைய 1 டன் வேண்டும். விளைச்சல் பொய்த்தால் விதைக் கடனே குடும்பத்தை அமிழ்த்திவிடும். விளைந்தாலோ, பழகாத கிழங்கைச் சந்தையில் கேட்பார் உண்டா என்ற கவலை வேறு. இதைக் கோழைத்தனம் என்பது தகுமா?

ஆகவே, புது விதையைப் பரப்ப விரும்புவோர் உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு, முதற் போகத்தின் நஷ்டத்தில் பங்கு ஏற்பதே முறை. தோல்வி என்பது ஆராய்ச்சியாளருக்கு ஏட்டில் ஒரு குறிப்பு. குடியானவருக்கோ அது ஓராண்டுச் சோறு அன்றோ?