சம்மதம் கேட்காத சமரசம்

தன் வழக்கை யார் தீர்ப்பது என்பதில் வழக்காடுபவருக்குக் குரல் உண்டா? கொல்கத்தாவில் இந்தக் கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டு வயது.

அங்கு 1774-இல் ஆங்கிலேயர் உச்ச நீதிமன்றம் ஒன்றை நிறுவினர். அதற்கு வழிவகுத்த 1773-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது. பிரிட்டிஷ் பிரஜையுடன் செய்துகொண்ட 500 ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்காக வங்காளவாசி ஒருவர் மீது அங்கு வழக்குத் தொடர வேண்டுமானால், அந்த நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று அவர் ஒப்பந்தத்திலேயே இசைந்திருக்க வேண்டும். ஆள்பவர் முன் ஆளப்படுபவர் இடும் கையெழுத்து எத்தகைய சம்மதம் என்பது வேறு விஷயம். சம்மதம் தேவை என்பதையாவது அச்சட்டம் ஏற்றது.

சுதந்திர இந்தியாவில், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் மக்கள் நீதிமன்றமும் இரு தரப்பு உடன்பாட்டையே அடிப்படையாகக் கொண்டது. உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு, வந்த நீதிமன்றத்துக்கே திரும்பும். மக்கள் நீதிமன்றத்துக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. இங்கு மேல்முறையீடு இல்லை என்பது நியாயமே. இசைந்து ஏற்ற முடிவை எதிர்த்து யாரும் முறையிடப் போவதில்லை.

ஆனால், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான நிரந்தர மக்கள் நீதிமன்றங்களின் நிலை வேறு. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, மருத்துவமனை, காப்பீடு போன்ற சேவைகள் குறித்த தகராறில், வேறு நீதிமன்றத்தை அணுகும் முன் ஒரு தரப்பு விண்ணப்பித்தாலே போதும், மறுதரப்பு கட்டுப்பட்டுவிடுகிறது. சமரசம் முறிந்தால், குற்றம் சம்பந்தப்படாத வழக்கில் அம்மன்றமே தீர்ப்பளிக்கும். அதற்கும் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே வழி. 2015 முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறுகள் இதற்குள் அடங்கும்.

இந்த ஏற்பாடு செல்லும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சமரச முயற்சியைத் தவிர்த்துவிட்டு நேரடியாகத் தீர்ப்பளிக்கக் கூடாது என்று 2022-இல் எச்சரித்தது. சட்டப்படி செல்லுபடியாவது அனைத்தும் நியாயமாகிவிடாது. சிகிச்சையில் தவறு நேர்ந்ததாகக் கூறும் நோயாளியும், வழக்கறிஞர்கள் புடைசூழ வரும் மருத்துவமனையும் சமபலம் கொண்டவர்கள் அல்லர்.

நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோல் குவிந்திருக்க, மாற்று வழிகளை மூடச் சொல்வது விவேகமாகாது. சமரசம் முறிந்தபின் தீர்ப்பளிப்பதற்கு, விளைவுகளைத் தாய்மொழியில் விளக்கி, இரு தரப்பிடமும் எழுத்துபூர்வமான சம்மதம் பெறுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இல்லையேல் மேல்முறையீட்டு உரிமையாவது தர வேண்டும்.

அந்நிய ஆட்சி ஏட்டளவிலேனும் கேட்ட சம்மதத்தை, குடியரசு தன் குடிமக்களிடம் கேட்க மறுப்பது முறையல்ல.