பசியில் அலறிய கார்



தையல் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டர் என்று இந்தப் பக்கத்தில் எழுதிவந்த நான் இம்முறை காரைப் பற்றி எழுதப்போகிறேன். "அது ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த இரவில் அந்த வீட்டில் ஆண் துணை இருக்கவில்லை.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது நெல்லியடியில். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் வடமராட்சியின் பெரிய சந்தி அது. அவள் கணவருக்கு அங்கே ஒரு சிறிய பிடவைக் கடை. ஜப்பானிலிருந்து பாவித்த காராக இறக்குமதியாகி, கொழும்பில் இரண்டு கை மாறி, பிறகு அவர்களிடம் வந்த பழைய சிறிய கார் ஒன்றும் உண்டு.

2022 ஜூலை முதல் வாரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன மனிதர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 27 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. கியூ ஆர் அட்டை அப்போது இன்னும் வரவில்லை. தங்கையின் இளைய மகனுக்கு இழுப்பு வருத்தம் இருந்ததால், அவசரத்துக்கென்று ஐந்து லீற்றர் பெற்றோலைக் காரிலேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். மூன்று கிழமையாகக் காரை அசைக்கவில்லை.

இரவு ஒரு மணியிருக்கும். பிள்ளைக்கு இழுப்பு கூடிவிட்டது. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. கொஞ்சத் தூரம்தான், ஆனால் ஓட்டோக்காரர் எவரிடமும் பெற்றோல் இல்லை. தங்கை பிள்ளையைப் பின்சீற்றில் கிடத்திவிட்டுத் திறப்பைத் திருப்பினாள். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்ட் விளக்குகள் மங்கின. அடுத்த கணம் அலாரம் ஊரைக் கூட்டுவதுபோல் அலறத் தொடங்கியது. ரிமோட்டை அமுக்கினாள், நிற்கவில்லை. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், நாய்கள் குரைக்கின்றன, அந்தச் சத்தத்துக்குள் அவள் புத்தளத்திலிருக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ராத்தா, காரும் என்னைக் கைவிட்டிட்டு" என்று அழுகிறாள். நான் இங்கிருந்து என்ன செய்ய?

அடுத்த வளவு ஐயா டோர்ச் லைட்டுடன் வந்தார். ஒரு காலத்தில் நெல்லியடிச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டியவர். விளக்குகள் மங்குவதைப் பார்த்த உடனே சொன்னாராம்: "உது கள்ளனைக் கண்டு கத்தேல்லைப் பிள்ளை. பசியிலை கத்துது."

தன் வளவில் நின்ற டிராக்டரின் பற்றறியைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, ஜம்பர் வயரால் காருக்குத் தொடுத்தார். அலாரம் இன்னொரு முறை கத்திற்று. இப்போது ரிமோட்டை அமுக்க அடங்கிவிட்டது. கார் ஸ்டார்ட் ஆனது. மந்திகையில் பிள்ளைக்கு ஆவி பிடிக்கவைத்து, விடியும்போது அவன் தேத்தண்ணீர் கேட்டானாம். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் 'பசி' என்ன என்று பிறகு நான் விசாரித்து அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அலாரம் என்பது கார் நிற்கும்போதும் தூங்காத காவல்காரன். அவனுக்கும் சாப்பாடு வேண்டும். ஓடாத காரில் அலாரம், மணிக்கூடு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கிறதென்று வையுங்கள். இது குறையில்லை, சாதாரண அளவுதான். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர் மணி. சிறிய காரின் பற்றறி புதிதாக இருக்கும்போதே 35, 40 ஆம்பியர் மணிதான் கொள்ளும். பழைய பற்றறி அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. மூன்று கிழமையில் என்ன மிஞ்சும்?

நிறைந்த பற்றறி, கார் ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் அநேகமாகக் காலி. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டர் இழுக்கும்போது மின்சாரம் சட்டென்று விழுகிறது. அலாரப் பெட்டியோ, யாரோ வயரை அறுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு கத்துகிறது. சில அலாரங்களின் சைரனுக்குள்ளேயே ஒரு குட்டிப் பற்றறி உண்டு. காரின் பற்றறியைக் கழற்றினாலும் அவை கத்திக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்தச் சைரனின் பக்கத்தில் சின்னத் திறப்புத் துவாரம் இருக்கும். அந்தத் திறப்பு எங்கே என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் வராது.

இது அலாரத்தின் கதை. இம்மொபிலைசர் வேறு. தங்கை இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் இரண்டாவது வில்லங்கம் வந்தது.

மறுநாள் காரைப் பார்க்க வந்த ஒருவர், "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று ஒரு பெருந்தொகை சொன்னார். பிறகு இரக்கப்பட்டவர்போல் அலாரத்தின் வயர்களை வெட்டி ரேப் சுற்றிவிட்டுப் போனார். பற்றறியை அவர் அளந்தே பார்க்கவில்லை. கணவர் வந்து புதுப் பற்றறி போட்டதும் கார் நன்றாக ஓடியது. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. பாவம், வயர்கள்தான் போயின.

இரண்டு மாதம் கழித்துத் திறப்பின் பிளாஸ்டிக் கூடு உடைந்தது. தங்கை ஒரு கடையில் புதுக் கூடு வாங்கினாள். கடைப் பையன் ரிமோட்டின் தகட்டையும் உலோகத் திறப்பையும் புதுக் கூட்டுக்குள் மாற்றிக் கொடுத்தான். பளபளவென்ற திறப்போடு வந்து திருப்பினால், ரிமோட்டுக்குக் கதவு திறக்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு வேகமாக மின்னுகிறது. "திரும்பவும் கம்ப்யூட்டரா?" என்று கைகால் ஓயவில்லையாம் அவளுக்கு.

நல்ல காலம், உடைந்த கூட்டை எறியாமல் குசினி ரின்னில் போட்டு வைத்திருந்தாள். அதன் மூலையில், அரிசியிலும் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் அதைப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று விட்டிருக்கிறான். உண்மையில் அதுதான் திறப்பின் உயிர்.

அந்தத் துண்டுக்குப் பற்றறி கிடையாது. திறப்பு போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. திறப்பைத் திருப்பியதும் அந்தச் சுருளின் காந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் இலக்கத்தைச் சொல்கிறது. கார் அந்த இலக்கத்தை அறிந்திருந்தால் எஞ்சினுக்குப் பெற்றோலும் தீப்பொறியும் போகும். அறியாவிட்டால் போகாது. சில கார்களில் எஞ்சின் ஒரு விநாடி பிடித்துவிட்டு அணைந்துபோகும். வெளியே திறப்பு வெட்டுபவரிடம் வெறும் உலோகத்தில் பிரதி எடுத்தால், அது கதவைத் திறக்கும், துவாரத்தில் திரும்பவும் செய்யும். ஆனால் எஞ்சின் அதோடு பேசாது. ரிமோட்டின் பற்றறி தீர்ந்தால் கதவு திறக்காதே தவிர, இப்படித் துவாரத்தில் போடும் திறப்பென்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவேண்டும். ரிமோட்டும் சில்லும் ஒரே கூட்டில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள்.

ஐயாவிடம் தங்கை இதை விளக்கியபோது அவர் சிரித்தாராம். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் தடைப் பொருள். அவருடைய ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் மருந்துபோல் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். இரவில் காரை நிறுத்தினால் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் றோட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கைக்குப் போவாராம். அது இல்லாமல் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது, யாரும் காரைக் கிளப்ப முடியாது. "உங்கடை சில்லும் என்ரை றோட்டரும் ஒண்டுதான் பிள்ளை. நான் துலைச்சால் இன்னொண்டு கடையிலை வாங்குவன். உதைத் துலைச்சால் கார் கட்டைதான்" என்றாராம்.

ஐரோப்பாவில் 1998 ஒக்டோபர் முதலும், அவுஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும், கனடாவில் 2007 செப்டெம்பர் முதலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. அமெரிக்காவில் அப்படிச் சட்டமில்லை. அதனால் இது பொருத்தப்படாத ஹியூண்டாய், கியா கார்கள் பல அங்கே 2021, 2022 ஆண்டுகளில் இளவட்டங்களால் கூட்டம் கூட்டமாகத் திருடப்பட்டன. வழிமுறையை வீடியோவில் பார்த்தே கற்றுக்கொண்டார்களாம். ஆகவே தொந்தரவு தருகிறதென்று இம்மொபிலைசரைத் தூக்கி எறியச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவேண்டாம். பின்னர் பொருத்திய பழைய அலாரம் வேண்டாமென்றால், அது தெரிந்தவரிடம் ஒழுங்காகக் கழற்றிவிடலாம். அதன் ரிலே ஸ்டார்ட்டருக்கோ பெற்றோல் பம்புக்கோ போகும் வயரின் நடுவில் உட்கார்ந்திருக்கும். வயரை வெட்டினால் மட்டும் போதாது, பழையபடி பொருத்திவிடவும் வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம். நான் கேட்கும் முதற் கேள்வி: இரண்டாவது திறப்பு எங்கே? எஞ்சின் பிடிக்காமல் சிவப்பு விளக்கு மின்னினால், வேறெதையும் தொடுமுன் இரண்டாவது திறப்பைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிடித்தால் குறை முதல் திறப்பில், கார் சுகம். இரண்டுக்கும் பிடிக்காவிட்டால்தான் சுருள், வயர், பெட்டி என்று தேடவேண்டும். சோதிக்கும்போது திறப்புக் கோர்வையிலிருந்து மற்றத் திறப்புகளைக் கழற்றிவிடுங்கள். சில்லுள்ள இன்னொரு திறப்பு பக்கத்தில் இருந்தால் காருக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒரே திறப்புதான் உள்ளதென்றால், அது வேலை செய்யும்போதே இன்னொன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ள ஒன்றும் தொலைந்தபின் செய்வது பலமடங்கு செலவு. சில பழைய கார்களில் தாய்த் திறப்பு என்று ஒன்றுண்டு. புதிய திறப்பைப் பதிவு செய்ய அதுதான் வேண்டும். பாவித்த கார் வாங்கும்போது கலரையும் சீற்றையும் பார்க்குமுன் இதைக் கேளுங்கள்.

காரணமில்லாமல் இரவில் அலாரம் அடித்தால் அயலாருக்கு எத்தனை தொல்லை! பெரும்பாலும் கதவு நிலையிலுள்ள சின்ன அமுக்குப் பொத்தான்தான் குற்றவாளி. உப்புக் காற்றும் மாரி மழையும் அதை அரித்துவிடும். இருட்டில் காருக்குள் உட்கார்ந்து எல்லாக் கதவுகளையும் சாத்துங்கள், கூரை விளக்கு அணைகிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு கதவையும் மெதுவாக ஆட்டுங்கள். எந்தக் கதவுக்கு விளக்கு சிமிட்டுகிறதோ அங்கேதான் குறை. பொனட்டுக்குக் கீழும் அப்படியொரு பொத்தான் இருக்கலாம். அதற்கும் சரியாக இருந்தால், அதிர்வை உணரும் பெட்டியின் கூர்மையைக் குறைக்கச் சொல்லுங்கள். லொறி போனாலே கத்தும் அலாரத்தைக் கள்ளன் வரும் நாளில் யார் எழுந்து பார்ப்பார்கள்?

ஜம்பர் வயர் தொடுக்கும் ஒழுங்கை மட்டும் எழுதி ஒட்டிவையுங்கள். சிவப்பை முதலில் உங்கள் பற்றறியின் கூட்டல் முனைக்கு, மறு நுனியை நல்ல பற்றறியின் கூட்டலுக்கு. பிறகு கறுப்பை நல்ல பற்றறியின் கழித்தலுக்கு. கடைசி நுனியை உங்கள் பற்றறியில் கொடுக்காமல், அதற்குத் தள்ளி எஞ்சினின் வெறும் இரும்பில் கொடுங்கள். பற்றறியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும். கூட்டலும் கழித்தலும் மாறிப்போனால்தான் அந்த மனிதர் சொன்ன 'கம்ப்யூட்டர் போச்சு' நிசமாகிவிடும். ஓடாத காரைக் கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமென்பது பிழையான எண்ணம். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமே அதற்குள் திரும்பி வராமல் போகலாம். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதற்குப் பெற்றோல் இல்லையென்றால், பற்றறியின் கழித்தல் முனையைக் கழற்றி வைப்பது மேல்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனைக்குத் திரும்பவும் திறந்தது. வந்த புதுக் கார்களின் விலையைக் கேட்டபின் தங்கை தன் பழைய காரை இன்னும் கொஞ்சம் அன்பாகப் பார்க்கிறாள். கார்ப் பெட்டியில் ஜம்பர் வயர் கிடக்கிறது. இரண்டாவது திறப்பை எனக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தப் போவதாகச் சொன்னாள். நெல்லியடியில் நிற்கும் காருக்குப் புத்தளத்தில் திறப்பு இருந்து என்ன பிரயோசனம் என்று ஏசினேன். இப்போது அது அடுத்த வளவு ஐயா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.