45 நாள் குட்டி

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வீடு வாடகைக்கும் மனை விற்பனைக்கும் நடுவில் இப்போது இன்னொரு விளம்பரமும் வருகிறது. "லேப் குட்டி, 45 நாள், நல்ல ரகம், உடனே அழைக்கவும்." விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். நாமும் பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். கிளம்புமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

கோப்பு புரட்டியே காலம் தள்ளிய குமாஸ்தா நான். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். அந்த விளம்பரத்திலும் கண்ணில் பட்டது 45தான். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பது பற்றி மத்திய அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள். ஆக, விற்கிறவர் தன் குற்றத்தைத் தானே எழுதி, கீழே போன் நம்பரும் கொடுத்திருக்கிறார்! சட்டத்தை மீறுகிறவன் ஒளிந்து செய்வான் என்று நினைத்திருந்தேன்.

இது ஏதோ அதிகாரி வாய்க்கு வந்த கணக்கல்ல. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும்தான். சீக்கிரம் பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உங்கள் பேரனின் கையில் படிக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசியும் பிடிக்காத இடைவெளியில் பார்வோ வந்தால், ரத்தமாகப் போய் இரண்டு மூன்று நாளில் குட்டி கண்ணை மூடிவிடும். அப்போது அந்த போன் நம்பரை அழைத்துப் பாருங்கள்.

அதே விதிகளில் தாய்க்கும் கணக்கு உண்டு. 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு ஈற்றுதான், ஆயுளுக்கு ஐந்துதான். வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே நண்பர்களே, விலை பேசுமுன் இரண்டே கேள்வி: "பதிவு எண் என்ன ஐயா? தாயைக் காட்டுகிறீர்களா?" தாய் ஊரில் இருக்கிறது, நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், கூடையில் கொண்டுவருகிறேன் என்பார்கள். தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். ஈன்று ஈன்று எலும்பும் தோலுமாகிப் போனதை எப்படிக் காட்டுவார்கள்?

ரகமாம், ரகம். 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது, ஊரெல்லாம் பக் கேட்டது. மூக்கு சப்பையான நாய்க்கு மூச்சு வாங்குவதே பாடு. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு விட்டுத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. இப்போது ஹஸ்கி மோகம். சைபீரியாப் பனிக்கென்று இரட்டை ரோமத்தோடு பிறந்ததை நம் அக்கினி நட்சத்திரத்தில் மாடியில் கட்டிப்போடுகிறார்கள். ஏ.சி. போடுகிறோமே என்கிறார்கள். மின்சாரம் போனால்?

நம் சொல்தா குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சிலிருந்து வரும்போது கேட்டுப் பாருங்கள். 2021 நவம்பரில் அங்கே வந்த சட்டப்படி, 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்பதே தடை. முதன்முறை நாய் வாங்குகிறவர் 'செர்த்திஃபிக்கா தாங்காஜ்மான்' என்ற உறுதிச்சான்றில் கையெழுத்துப் போட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆசை அதற்குள் அடங்கிவிடுகிறதா என்று பார்க்கத்தான். அங்கிருந்து சென்ட்டும் ஒயினும் வரவழைக்கிறோம், இதை மட்டும் வரவழைக்க மாட்டோம்.

சரி, குட்டி எங்கே கிடைக்கும்? உங்கள் தெருவில். தாயும் அங்கேயே கார் நிழலில் படுத்திருக்கும், யாரும் காட்ட வேண்டியதில்லை. "தெரு நாயா, வெறி பிடிக்குமே" என்பார்கள். தடுப்பூசி போடாத எந்த நாய்க்கும் வெறிநோய் வரும், அறுபதாயிரம் கொடுத்து வாங்கியதற்கும் வரும். மூன்று மாதத்தில் ஊசி போடுங்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எடுப்பதானால் பெட்டைக் குட்டியாக எடுங்கள். ஆண் குட்டிகளை யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். மிஞ்சுவது பெட்டைகள்தான், அடுத்த வருஷம் அவைதான் கார் நிழலில் படுத்திருக்கும். வயது வந்ததும் கருத்தடை செய்துவிட்டால் அந்த வரிசை அங்கேயே நிற்கும்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு மட்டும். நாய் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். எழுபத்தைந்தில் குட்டி எடுத்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மகனோ மகளோ "எனக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உங்கள் எதிரில் சொல்ல வேண்டும், போனில் அல்ல. சொல்லாவிட்டால் குட்டி வேண்டாம். தினமும் காலையில் உங்கள் வாசலில் பிஸ்கட்டுக்கு நிற்குமே நான்கு வயது நாய் ஒன்று, அதற்கு ஊசி போட்டு, கேட்டைத் திறந்துவிடுங்கள்.