சாபா மலைக்குப் போகும் சகோதரிகளுக்கு



வியட்நாமுக்குக் குடும்பத்தோடு செல்லவிருக்கும் வாசகி ஒருவர், "ஹனோயிலிருந்து இரவுப் புகையிரதத்தில் சாபா என்ற மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்று, வழிகாட்டியோடு சிறுபான்மை இனத்தாரின் கிராமங்களுக்கு நடத்திச் செல்கிறார்களாம். பெண்பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டெழுதியிருக்கிறார். மஹ்ரமான ஆண் துணையோடு தாராளமாகப் போகலாம். ஆனால் பிறர் வீட்டு முற்றத்துக்குள் நுழையப் போகிறோம் என்ற நினைப்போடு புறப்படுங்கள்.

முதலில் பயணம். பிரெஞ்சுக்காரர் 1910 இல் சீனாவின் யுன்னான் வரை போட்டு முடித்த பாதையில்தான் இந்தப் புகையிரதம் ஓடுகிறது. இரவு பத்து மணியளவில் புறப்பட்டால், ஏறக்குறைய 300 கிலோமீற்றர் கடந்து விடியும் நேரத்தில் எல்லை நகரமான லாவோ காயை அடையும். 2014 இல் அதிவேகப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து பஸ்ஸில் போனால் விரைவாகப் போய்விடலாம். இருந்தாலும் நான்கு படுக்கைகள் கொண்ட அறையை ஒரு குடும்பமே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி பஸ்ஸில் ஏது?

ஹனோயில் ஹாங் லுவொக் வீதியில் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1890 இல் கட்டிய அந்நூர் பள்ளிவாசல் இருக்கிறது. பயணிகளுக்குரிய சலுகைப்படி மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் புகையிரத நிலையம் போகலாம். கோடை மாதங்களில் வண்டி போய்ச் சேருமுன்பே சூரியன் உதித்துவிடும். எனவே சுபஹுக்கு வண்டியிலேயே எழும்ப வேண்டும்.

லாவோ காயிலிருந்து வாகனத்தில் ஒரு மணி நேரம் மலையேறினால் சாபா. உயரம் சுமார் 1,500 மீற்றர். கீழே மூவோங் ஹ்வா பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள். குளிர் காரணமாக வருடத்துக்கு ஒரே போகம்தான். மே, ஜூனில் நட்டு செப்டெம்பரில் அறுப்பார்கள். அந்த ஒரு அறுவடையை நம்பித்தான் வீடு ஓட வேண்டும். லாவ் சாய் கிராமத்தில் கருநீல உடை உடுத்தும் ஹ்மோங் மக்கள், தா ஃபின் பக்கம் சிவப்புத் தலைத்துணி கட்டும் ஸாவோ மக்கள்.

ஹ்மோங் பெண்ணின் பாவாடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சணல் செடியை நட்டு, வெட்டி, நாரை உரித்து முடிச்சிட்டு நூலாக்கி நெய்து, தேன்மெழுகால் கோலம் வரைந்து, அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்பத் தோய்த்தெடுத்த துணி அது. மாதக்கணக்கான வேலை. சாயம் ஏறி அவள் விரல்கள் நீலம் பாரித்திருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாதி விலைக்குத் தா" என்று கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ! தொழிற்சாலையில் அச்சடித்த மலிவுத் துணியும் அங்கே விற்கிறார்கள். பேரம் பேசியே ஆகவேண்டுமென்றால் அதில் பேசுங்கள்.

1993 இல் வெளிநாட்டார் வர அனுமதிக்கப்பட்ட பின், பாடசாலைக்கு அதிகம் போகாத பெண்பிள்ளைகள் தெருவில் கைவேலைப் பொருட்கள் விற்று, பயணிகளின் வாயிலிருந்தே ஆங்கிலம் கற்றார்கள். அவர்களில் பலர் வழிகாட்டிகளானார்கள். ஆகவே பதிவு செய்யும்போதே கேளுங்கள்: வழிகாட்டி அந்தக் கிராமத்துப் பெண்தானா? இரவு தங்கும் வீட்டுக்காரிக்கு எவ்வளவு போய்ச் சேரும்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி கைவளையல் நீட்டுவாள். மனம் இளகும். வாங்காதீர்கள். வாங்கினால் நாளைக்கும் அவளைத் தெருவுக்குத்தான் அனுப்புவார்கள். அவளுடைய உம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வாங்குங்கள். அந்தப் பிரதேசத்தில் படிப்புக்கும் சிறுவயதுத் திருமணத்துக்கும் நடுவில் இழுபடும் ஒரு ஹ்மோங் சிறுமியைப் பற்றி 2021 இல் வெளிவந்த 'மூடுபனியின் பிள்ளைகள்' என்ற ஆவணப்படத்தைப் பார்க்கக் கிடைத்தால், போகுமுன் மூத்த மகளோடு இருந்து பாருங்கள்.

வழியில் பெண்கள் சிலர் கூடவே நடந்து வருவார்கள். வழுக்கும் இடத்தில் கைபிடித்து உதவுவார்கள். கடைசியில் கூடையைத் திறப்பார்கள். ஏமாற்று என்று முகம் சுளிக்க வேண்டாம். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

சாப்பாடுதான் நமக்குச் சிக்கல். பன்றி இறைச்சியும் அதன் கொழுப்பும் அங்கே சாதாரணம். முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லி, ஒரு சட்டியும் சிறு போத்தல் எண்ணெயும் கொண்டுபோனால் முட்டை, கீரை, சோறு என்று முடித்துக்கொள்ளலாம். குசினிக்குள் நீங்களும் போய் உட்கார்ந்தால் வீட்டுக்காரி சந்தோஷப்படுவாள். அரிசி மது ஊற்றிக் கொடுப்பது அவர்களின் உபசாரம். நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்து, தேநீர் கேளுங்கள்.

2024 செப்டெம்பரில் யாகி புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் லாவோ காய் மாகாணத்தில் கிராமங்களையே அழித்தன. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான கடும் மழைக்காலத்தைத் தவிருங்கள். மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் நடக்க ஏற்றவை. நீண்ட அபாயாவின் ஓரம் சேற்றில் இழுபடும். தளர்ந்த காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டையும் போதும். றப்பர் சப்பாத்து அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். தடித்த காலுறையை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.