பரணில் உறங்கும் தோசைக்கல்



கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஊர்களில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டும்போது, பரணிலிருந்து துருவேறிய தோசைக்கல்லும் குழிப்பணியாரக்கல்லும் இறங்குகின்றன. உடனே அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறோம். கைக்கு வருவது சில ரூபாய். போவதோ பாட்டிமார் பல்லாண்டு பழக்கிய கல். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது. எனவே போடுமுன் அதை அறிந்துகொள்வோம்.

உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பிரும்பு. அது கனமாகவும் தடிப்பாகவும் இருக்கும். அடிப்புறம் மணல்போல் சொரசொரக்கும். கைப்பிடியும் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். தகட்டை அடித்துச் செய்ததில் சுத்தியல் தழும்பு தெரியும். அடித்தது விழுந்தால் நெளியும்; வார்த்தது விழுந்தால் உடையும். ஆகவே, கல்லைத் தூக்கிப் பிடித்து மரக்கரண்டியால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கக்கூடும். விரிசல் கண்டதையும், ஈயம் உருக்கவோ சாயம் காய்ச்சவோ பயன்பட்டதையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கியது என்றால், முன்பு அதில் என்ன சமைத்தார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்குமாறும், கிடைக்காவிடில் கழுவிப் பயன்படுத்துமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆகவே ஐயமிருந்தால் பழைய எண்ணெய்ப் படிவு முழுவதையும் சுரண்டி, நன்கு கழுவிவிட்டுப் புதிதாய்ப் பழக்குவதே பேணுதல்.

துருவைக் கல்லுப்பும் தேங்காய் நாரும் கொண்டு தேயுங்கள். போகாவிடில் காடியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊறவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம், காடி இரும்பையே அரிக்கும். பெருநெருப்பில் போட்டுச் சுடவும் கூடாது. கல் வளையும் அல்லது வெடிக்கும். கழுவியதும் அடுப்பில் ஈரம் போக்கி, நல்லெண்ணெய் தடவி, எண்ணெய் இருப்பதே தெரியாதபடி துடைத்து, புகை வந்து அடங்கும்வரை காயவிடுங்கள். ஆறியபின் மீண்டும், இவ்வாறு மூன்று நான்கு முறை. சூட்டில் எண்ணெய் இறுகி மெல்லிய படலமாகிறது. அதுவே மாவு ஒட்டாமல் காப்பது. தடித்துப் பூசினால் பிசுபிசுக்கும். புதிதாய்ப் பழக்கிய கல்லில் புளியும் தக்காளியும் சேர்த்துச் சமைத்தால் படலம் உரிந்துவிடும். சூடான கல்லில் குளிர்நீர் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்.

இதில் வேறொரு பயனும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். எத்தியோப்பியாவில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், இரும்புப் பானையில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் இரத்தநிலை, அலுமினியப் பானையில் சமைத்ததை உண்டவர்களைவிட மேம்பட்டிருந்தது. இது மருந்துக்கு மாற்றன்று, மருந்துக்குத் துணை.

இரும்பில் மனிதர்களுக்குப் பல பயன்கள் உண்டென்று அருள்மறையின் 57-ஆம் அத்தியாயமான அல்ஹதீத் உணர்த்துகிறது. மகளுக்குச் சீர் அடுக்கும்போது, பளபளக்கும் புதுப் பாத்திரங்களோடு, பழக்கிய பழைய கல் ஒன்றையும் வையுங்கள். அதைப் பழக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். சொல்லித்தராத கல் அடுத்த வீட்டிலும் பரணுக்குத்தான் ஏறும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.