வீட்டு விஞ்ஞானம்: கண்சிமிட்டும் ரோர்ச் விளக்கு

புதிய பற்றரி போட்டும் ரோர்ச் விளக்கு மங்கலாக எரிகின்றதா? கையால் ஒரு தட்டுத் தட்டியவுடன் பிரகாசித்து, மறுகணமே கண்சிமிட்டுகின்றதா? அதனைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மின்னோட்டஞ் செல்லும் வழியில் எங்கோ ஓரிடத்தில் தொடுகை கெட்டிருக்கலாம். இரவிற் கிணற்றடிக்குச் செல்வோர் பாதையிற் கிடக்கும் பாம்பைக் காண்பதற்கு இவ்விளக்கையே நம்புகின்றனர். ஆதலின் இக்குறையை அசட்டை செய்தலாகாது.

இன்று கடைகளிற் கிடைக்கும் உறுதியான ரோர்ச்சுகள் பல அலுமினியத்தால் ஆனவை. அமெரிக்காவில் 1979 இல் அந்தனி மக்லிக்கா என்பவர் விற்பனைக்குக் கொணர்ந்த மக்லைற் விளக்கு இவ்வகைக்குப் பெரும் பெயர் தேடித்தந்தது. இவற்றின் கறுப்பு நிறம் வெறும் வர்ணப்பூச்சு அன்று. அலுமினியத்தை அமிலக் கரைசலில் அமிழ்த்தி, அதனையே நேர்மின்வாயாக்கி மின்னோட்டஞ் செலுத்தும்போது, அதன் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று வளர்கின்றது. அப்படலம் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். 1923 இல் பிரித்தானியாவிற் கடல்விமானப் பாகங்களை உப்புநீர் அரிக்காது காப்பதற்கே இம்முறை கையாளப்பட்டது. கடினமான வகைகளில் இப்படலம் 25 முதல் 50 மைக்கிரோன் வரை தடித்திருக்கும்.

இப்படலம் துருவைத் தடுக்கும், கீறலைத் தாங்கும். ஆனால் மின்னைக் கடத்தாது! பல ரோர்ச்சுகளிற் பற்றரியின் அடிமுனையிலிருந்து மின்னோட்டம் பின்மூடியின் சுருள்வில், ஆளி, குழாயின் விளிம்பு, குழாய் என்ற வழியாகவே விளக்குத் தலையை அடைகின்றது. அதற்காகக் குழாயின் விளிம்பைப் படலமின்றி வெள்ளையாக விட்டிருப்பார்கள். அவ்விடத்தில் அழுக்கும் ஒட்சைட்டும் படிந்தால் வழி அடைபடும். கடலோரத்து உப்புக்காற்று இதனை விரைவாக்கும். 3 வோல்ற்றில் அரை அம்பியர் எடுக்கும் இழைக்குமிழுக்கு முன்னே 1 ஓம் தடை சேர்ந்தாற் போதும். ஒளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மறைந்துவிடும்.

குறை எங்கேயென அறிவது எளிது. பின்மூடியைக் கழற்றி, பற்றரியின் அடிமுனையையும் குழாயின் வெள்ளை விளிம்பையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். விளக்கு நன்கு எரிந்தாற் குறை பின்மூடியில் அல்லது அது பொருந்தும் இடத்தில் உள்ளது. அப்போதும் மங்கினால் பற்றரியையும் தலைப்பக்கத்தையும் பாருங்கள். ஆளி பக்கவாட்டில் உள்ள விளக்குகளுக்கு இச்சோதனை பொருந்தாது. பற்றரியின் இரு முனைகளையும் ஒருபோதும் நேராக இணைக்கலாகாது; லிதியம் பற்றரியாயின் தீ விபத்தும் நேரலாம்.

இனிப் பரிகாரம். பற்றரிகளை வெளியே எடுத்துவிட்டு, திருகுபுரிகளையும் விளிம்பையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடையுங்கள். சுருள்வில்லின் நுனியை அழிறப்பராற் தேயுங்கள். விளிம்பின் கறை போகாவிடில் மிக நுண்ணிய மணற்கடதாசியால் இலேசாக உரைத்துத் தூளை அகற்றுங்கள். வெள்ளை விளிம்பைத் தவிர வேறெங்கும் உரைத்தல் வேண்டாம். பின்மூடியினுள்ளே ஆளியைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்திருப்பதும் கண்சிமிட்டலுக்கு ஒரு காரணமாகும். அதன் இரு பள்ளங்களிற் சிறு சாமண நுனியைக் கொடுத்து இறுக்கிவிடுங்கள்.

அற்கலைன் பற்றரி கசிந்து வெண்பொருள் படிந்திருப்பின், வினாகிரி தோய்த்த பஞ்சால் ஒற்றி, ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர விடுங்கள். இக்காரம் அலுமினியத்தையே தின்னக்கூடியது, கைபடாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈற்றில், திருகுபுரிக்கும் இறப்பர் வளையத்துக்கும் சிலிக்கன் கிறீஸ் சிறிதளவு பூசுங்கள். வசலின் சில இறப்பர் வகைகளை ஊதச்செய்யும். நெடுநாள் பயன்படுத்தாத ரோர்ச்சிற் பற்றரிகளை விட்டுவைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பகலிலேயே விளக்கை எரித்துப் பார்த்துவிட்டால், இருளில் அது உங்களைக் கைவிடாது.