20 லட்சத்தில் இறக்குமதி முந்திரித் தொழில் நடக்குமா?

‘‘ஐவரி கோஸ்ட்டிலிருந்து மாதம் ஒரு கன்டெய்னர் முந்திரிக்கொட்டை இறக்கி, உடைத்து, பருப்பை ஏற்றுமதி செய்யத் திட்டம். நிலத்தை அடமானம் வைத்தால் 20 லட்சம் ரூபாய் கிடைக்கும். போதுமா?’’

- வாசகர், பண்ருட்டி.

போதாது. கொட்டையின் விலையைவிட, போட்ட பணம் எத்தனை நாள் முடங்குகிறது என்பதுதான் முதலீட்டைத் தீர்மானிக்கும். உதாரணத்துக்கு, கன்டெய்னருக்கு 16 டன், டன் 1.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் கொட்டைக்கே 19.2 லட்சம். கப்பல் தூத்துக்குடிக்கு வர 45 நாள், துறைமுக வேலை 10, காயவைத்து உடைத்துத் தரம்பிரிக்க 30, பருப்பை அனுப்பிப் பணம் கைக்கு வர 60. ஆக 145 நாள். அதற்குள் ஐந்து கன்டெய்னருக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், 96 லட்சம்! கூலி, வட்டி, லாரி வாடகை தனி.

அங்கே அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூன் வரைதான். மற்ற மாதங்களுக்கு இருப்பு வைக்க இன்னும் பணம் வேண்டும். 100 கிலோ கொட்டையில் 22 முதல் 25 கிலோ பருப்பு கிடைக்கலாம். அதில் ஒரு கிலோ குறைந்தாலும் கன்டெய்னருக்கு 160 கிலோ பருப்பு நஷ்டம். ஈரக்கொட்டை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகும் முன், உள்ளூர் இறக்குமதியாளரிடம் பத்து மூட்டை வாங்கி, உடைத்து, விற்றுப் பார்க்கலாம். நாள் கணக்கும் பருப்புக் கணக்கும் அதிலேயே தெரிந்துவிடும்.